மூச்சுக்குத் துணை: ஏ.எல்.எஸ். என்று அறிந்த பின்

கையெழுத்து பொருந்தவில்லை என்று காசோலை திரும்பினால், பெரும்பாலும் அவசரமோ கவனக்குறைவோதான் காரணமாக இருக்கும். மிக அரிதாகச் சிலருக்குக் கையே மாறிப்போயிருக்கும். சட்டைப் பொத்தானை மாட்ட முடிவதில்லை. சாவியைத் திருப்பும்போது விரல் நழுவுகிறது. பேனா பிடித்த பிடியில் நிற்பதில்லை. வேறு சிலருக்கு நடக்கையில் கால் தடுக்குகிறது, அல்லது நாக்கு குழறுகிறது. எலும்பு மருத்துவரிடமும் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமும் சில மாதங்கள் அலைந்தபின், நரம்பியல் வல்லுநர் ஒருவர் மூன்று எழுத்துகளைச் சொல்கிறார்: ஏ.எல்.எஸ்.

அதன்பின் ஒரு குடும்பம் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம். செய்ய வேண்டியவற்றுள் மூச்சுக்கான ஏற்பாடே தலையாயது. ஆகவே அதற்கே மிகுதியான இடம் தந்துள்ளோம். வங்கி இதழ் என்பதால் பணம், கையொப்பம், காப்பீடு பற்றியும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நோயின் இயல்பு

அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ் என்பது இதன் முழுப்பெயர். இயக்க நரம்பணு நோய்கள் என்னும் தொகுதியில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. நம் நாட்டு மருத்துவர்கள் பலர் எம்.என்.டி. என்றே சீட்டில் எழுதுவர். பிரெஞ்சு அறிஞர் ழான் மார்ட்டின் ஷார்க்கோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை வரையறுத்தார். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் இந்நோயில் ஒவ்வொன்றாக அழிகின்றன. ஆணை வராத தசை மெலிந்து செயலிழக்கிறது. பார்வையும் செவியும் தொடுவுணர்வும் பொதுவாகக் கெடுவதில்லை. விழிகளை அசைக்கும் தசைகள் நெடுநாள் தப்பி நிற்கின்றன. அறிவும் பெரும்பாலோர்க்குத் தெளிவாகவே இருக்கும். ஆயினும் ஒரு சாரார்க்கு முடிவெடுக்கும் திறனிலும் நடத்தையிலும் மாற்றம் தோன்றுவதுண்டு என்பதை வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

அறிகுறி தோன்றிய நாளிலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இது சராசரி. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் பத்தாண்டுகளையும் கடக்கிறார். இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல், அவருடைய 21-ஆம் வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. 2018-இல் 76-ஆம் வயதில்தான் அவர் மறைந்தார். அவரைச் சொல்லித் தைரியமூட்டுவது நம்மிடையே வழக்கம். அது மிக அரிதான போக்கு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இந்த நோயை உறுதிப்படுத்த ஒற்றை இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. இ.எம்.ஜி. என்னும் தசை மின்பதிவு, நரம்புக் கடத்தல் ஆய்வு, கழுத்து எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைக் கொண்டும், பிற நோய்களை விலக்கியுமே முடிவுக்கு வருகின்றனர். எனவே இரண்டாம் கருத்தைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. பெங்களூரு நிம்ஹான்ஸ், தில்லி எய்ம்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நரம்பு, தசை நோய்களில் நீண்ட பழக்கமுடைய வல்லுநர்கள் உள்ளனர். நம் நாட்டில் இதற்குத் தனியானதொரு காரணமும் உண்டு. இளம் வயதினரிடம் காணப்படும், முகத் தசை வலுக்குறைவும் செவித்திறன் குறைவும் சேர்ந்துவரும், மெல்ல நகரும் ஒரு வகையைச் சென்னை மருத்துவர்கள் 1970-இல் விவரித்தனர். உலக மருத்துவ நூல்களில் அது இன்றும் ‘மெட்ராஸ் வகை’ என்றே வழங்குகிறது. ஒரு கை மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் அப்படியே நின்றுவிடும் இன்னொரு வகையும் நம் இளைஞர்களிடம் உண்டு. இவற்றின் எதிர்காலம் ஏ.எல்.எஸ். நோயின் எதிர்காலம் அன்று.

மருந்தைப் பொறுத்தவரை, 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் இன்றும் அடிப்படை மாத்திரையாக உள்ளது. ஆய்வுகளில் அது ஆயுளை இரண்டு மூன்று மாதங்கள் நீட்டியது. கல்லீரல் பரிசோதனையை அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும். எடரவோன் என்னும் ஊசி மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுப் பிழை உள்ள சிறு தொகையினர்க்கு மட்டும் டோஃபர்சென் என்ற மருந்து 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இதுவரை இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் விளம்பரங்கள் நுழைகின்றன. ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று பல லட்சம் ரூபாய் கேட்பவர்கள் உண்டு. அதற்காக நிரந்தர வைப்புத்தொகையை முறிப்பவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, இந்நோய்க்கு ஸ்டெம் செல் செலுத்துவதை ஒப்புதல் பெற்ற ஆய்வின் பகுதியாக மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேர்பவரிடம் கட்டணம் கேட்பதில்லை. ஆகவே, சிகிச்சைக்குப் பணம் கேட்கப்படும் இடத்திலேயே ஐயம் எழ வேண்டும். அந்தத் தொகை, பின்னால் சொல்லப்போகும் மூச்சுக் கருவிகள் அனைத்தையும் வாங்கப் போதுமானதாக இருக்கும்.

முதல் சில வாரங்களில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டியதில்லை. நோயாளியிடம் மறைத்து வைப்பதை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. அறிவு தெளிவாக உள்ள ஒருவரைச் சுற்றி வீடே கிசுகிசுத்துப் பேசினால், அவர் தனிமைப்படுவதைத் தவிர வேறு பயன் விளையாது. பின்னால் வரும் முடிவுகள் பலவற்றையும் அவரே எடுக்க வேண்டியவர். பராமரிப்பவர்க்கும் மனச்சோர்வு வரும். 14416 என்ற எண்ணில் மைய அரசின் டெலி மானஸ் சேவையைத் தமிழிலும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம்.

மூச்சு எவ்வாறு தளர்கிறது

நுரையீரல் தானாக விரிவதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே குடைபோல் விரிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசை கீழிறங்கும்போது காற்று உள்ளே வருகிறது. ஏ.எல்.எஸ். நோயில் நுரையீரல் நலமாகவே உள்ளது. அதை இயக்கும் துருத்திதான் வலுவிழக்கிறது. முதலில் இது உறக்கத்தில் தெரியும். படுத்த நிலையில் வயிற்றின் உள்ளுறுப்புகள் உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதாலும், ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு கட்டத்தில் பிற மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடுவதாலும், காற்றுப் போக்குவரத்து குறைகிறது. வெளியேற வேண்டிய கரியமில வாயு இரத்தத்தில் தங்குகிறது.

மூச்சுத் திணறல் என்று நோயாளி சொல்லும் வரை காத்திருத்தல் கூடாது. நடமாட்டம் குறைந்தவர்க்கு இளைப்பு தெரியாமலே போகும். விடியற்காலைத் தலைவலி, இரவில் பலமுறை விழித்தல், கெட்ட கனவுகள், பகலில் தூங்கி வழிதல், தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளுதல், ஒரு சொற்றொடரை இடையில் நிறுத்தி மூச்சு வாங்குதல், இருமலும் தும்மலும் வலுவிழத்தல் ஆகியவை முன்னறிவிப்புகள். மாத்திரை எழுதித் தரும் தலைவலியாக இவற்றைக் கருதிவிடும் வீடுகள் மிகுதி. இந்நிலையில் உறக்க மாத்திரையைத் தாமாக வாங்கிக் கொடுப்பது பெருந்தீங்கு. அது மூச்சை மேலும் தளர்த்தும்.

நோய் உறுதியான உடனேயே நுரையீரல் மருத்துவர் ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனையில் எஃப்.வி.சி. என்ற அளவைக் குறிப்பர். அதை ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு ஒருமுறை, இயன்றால் உட்கார்ந்தும் படுத்தும், எடுக்க வேண்டும். படுக்கும்போது அளவு பெரிதும் குறைந்தால் உதரவிதானம் தளர்ந்துள்ளது என்று பொருள். உதடுகளை இறுக்கி ஊத முடியாதவர்க்கு மூக்கால் உறிஞ்சும் விசையை அளக்கும் சோதனை உண்டு. இரவு முழுவதும் விரலில் மாட்டிப் பதிவு செய்யும் ஆக்சிமீட்டரும், இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவைக் காட்டும் சோதனையும் துணைபுரியும். எஃப்.வி.சி. இயல்பளவில் பாதிக்குக் கீழே வந்தால் இயந்திரத் துணை தேவை என்பது பழைய எல்லைக்கோடு. அறிகுறி தெரியுமானால் அதற்கு முன்னரே தொடங்குவதே இன்று பல வல்லுநர்களின் வழக்கம்.

ஆக்சிஜனா, பைபேப்பா

இவ்விடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்கள் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. மூச்சுக் குறைவு என்றதும் அதை எடுத்து மாட்டத் தோன்றும். ஆனால் இங்கே குறைவது காற்றிலுள்ள ஆக்சிஜனின் அளவன்று. காற்றை உள்ளிழுத்து வெளித்தள்ளும் ஆற்றல். துருத்தி ஓயும்போது ஆக்சிஜனை மட்டும் செலுத்தினால், விரல்மானியில் எண் அழகாக உயரும். உள்ளே கரியமில வாயு தேங்கி நோயாளி மயக்கத்தில் ஆழக்கூடும். நிமோனியா போன்ற நுரையீரல் கோளாறு சேர்ந்தால் ஆக்சிஜன் தேவைப்படலாம். அப்போதும் மருத்துவரின் மேற்பார்வையில், இயந்திரத் துணையோடுதான்.

வேண்டிய கருவி பைபேப். மூச்சை இழுக்கும்போது மிகுந்த அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தந்து, தளர்ந்த தசையின் வேலையில் ஒரு பங்கை அது ஏற்றுக்கொள்கிறது. குறட்டை நோய்க்குத் தரப்படும் சிபேப் ஒரே அழுத்தத்தில் இயங்குவது. இந்நோய்க்கு அது பொருந்தாது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், விலை குறைவு என்று சிபேப்பை வாங்கிவிடுவோர் உண்டு. பைபேப்பிலும், நோயாளி மூச்சைத் தொடங்கத் தவறினால் இயந்திரமே தொடங்கிவைக்கும் எஸ்.டி. முறை உள்ளதைத்தான் கேட்க வேண்டும். மருத்துவரின் எழுத்து மூலமான பரிந்துரையில் இவ்விவரம் இருத்தல் அவசியம்.

பயன் என்ன? இங்கிலாந்தின் நியூகாசிலில் 41 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், விழுங்கும் தசைகளும் பேச்சுத் தசைகளும் பெரிதும் கெடாமல் இருந்தோர்க்கு இந்த முகமூடித் துணை நடுமதிப்பாக 205 நாள்கள் கூடுதலாகத் தந்தது. அந்நாள்களின் தரமும் நன்றாக இருந்தது. ரிலுசோல் தரும் பயனைவிட இது மிகுதி. தொண்டைத் தசைகள் முன்னரே கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்க்கு ஆயுள் நீளவில்லை. எனினும் உறக்கம் சார்ந்த தொல்லைகள் குறைந்தன. ஆயிரக்கணக்கில் செலவிட்டும் ஒரு பெட்டியை ஏன் வாங்க வேண்டும் என்று தயங்குவோர்க்கு இவ்விவரமே விடையாகும்.

பழக்கப்படுத்துவதில் பொறுமை வேண்டும். முதல் இரவே எட்டு மணி நேரம் மாட்டிக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலோர் பிய்த்தெறிந்துவிடுவர். பகலில், நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது, பத்துப் பதினைந்து நிமிடம் என்று தொடங்கலாம். அழுத்தம் குறைவாகத் தொடங்கி நாள்போக்கில் உயர்த்தப்படும். அதை மருத்துவரோ பயிற்சி பெற்ற சுவாச சிகிச்சையாளரோதான் மாற்ற வேண்டும். கருவி கொண்டுவந்து தரும் விற்பனை முகவரின் கைவேலையாக அது ஆகிவிடக் கூடாது. இரவில் குறைந்தது நான்கு மணி நேரமேனும் தொடர்ந்து மாட்டத் தொடங்கினால்தான் காலைத் தலைவலி குறைவது தெரியும்.

முகமூடியைத் தேர்வதில்தான் பாதி வெற்றி. மூக்கை மட்டும் மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது, நாசித் துளைகளில் பொருந்துவது எனப் பல உண்டு. நம் முகத்தில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டியது இது. படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் காற்று கசியும். இரண்டு வகையை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் மூக்குத் தண்டில் புண் வராது. முகமூடியிலுள்ள சிறு துளைகள் வெளிமூச்சு போவதற்கானவை. கசிகிறது என்று எண்ணி அவற்றை நாடாவால் ஒட்டிவிடக் கூடாது. கை தூக்க இயலாத நோயாளி, வாயையும் மூடும் முகமூடியைத் தாமே கழற்ற முடியாது. வாந்தி வந்தால் அது ஆபத்து. ஆகவே விரலாலோ காலாலோ தலையசைவாலோ அழுத்தக்கூடிய அழைப்பு மணி ஒன்றைப் பொருத்தாமல், அருகில் ஆளில்லாத அறையில் அவரை இயந்திரத்துடன் விடுதல் கூடாது.

எஸ்.டி. முறையுள்ள கருவிகள் சில பத்தாயிரங்களில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டியும் விற்கப்படுகின்றன. பெருநகரங்களில் மாத வாடகைக்கும் கிடைக்கின்றன. எது பொருந்துகிறது என்று தெரியும் வரை ஓரிரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நம் பரிந்துரை. பழைய கருவியை வாங்குவோர் அதன் தயாரிப்பு எண்ணைச் சரிபார்க்க வேண்டும். உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதைவதாகக் கூறி 2021-இல் ஒரு பன்னாட்டு நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்ட கருவிகள் இன்னும் இரண்டாம் கைச் சந்தையில் கைமாறக்கூடும்.

மின்சாரம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஈரப்பதக் கலத்தின் சூடேற்றியை நிறுத்தினால் பைபேப் அதிக மின்சாரம் எடுப்பதில்லை. வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் கணக்களவில் 1,800 வாட்-மணி உள்ளது. இயந்திரம் 50 வாட் எடுப்பதாகக் கொண்டால், இழப்புகளைக் கழித்தும் ஓர் இரவைத் தாண்டும். மின்விசிறியும் விளக்குகளும் அதே மின்கலத்தைப் பகிர்ந்தால் கணக்கு மாறும். எனவே படுக்கையறைக்கு மட்டும் தனி இணைப்பு நல்லது. இன்வெர்ட்டரில் ‘யு.பி.எஸ்.’ என்ற நிலை இருந்தால் அதில் வைக்க வேண்டும். மின்தடையின்போது இயந்திரம் நின்று மீண்டும் தொடங்குவதை அது தவிர்க்கும். பகலிலும் இயந்திரத்தைச் சார்ந்திருக்கும் நிலை வந்துவிட்டால், உள்மின்கலம் உடைய கருவியும் மாற்றாக ஒரு கருவியும் இன்றியமையாதவை. நோயாளியின் நிலையைப் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து வைக்கலாம்.

மூச்சை இழுக்கும் தசைகள் தளரும்போது இருமலும் தளர்கிறது. சளி தேங்கி நிமோனியா வருவது பெரும்பாலும் இவ்வழியில்தான். ஆம்பு பையால் அடுத்தடுத்துக் காற்றை உட்செலுத்தி நெஞ்சை நிரப்பி, இருமும் தருணத்தில் வயிற்றை மேல்நோக்கி அழுத்தித் துணைசெய்யும் முறையை இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார். செலவு மிகக் குறைவு. இருமல் துணைக் கருவி இதையே இயந்திரத்தால் செய்வது. விலை சில லட்சங்கள் ஆகும் என்பதால் வாடகைக்கு எடுப்போரே மிகுதி. வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சச் சிறு சக்‌ஷன் கருவி போதும். விழுங்குதல் கடினமானால் வயிற்றில் நேரே உணவு செலுத்தும் பெக் குழாய் பொருத்துவர். அந்தச் சிறு அறுவையை மூச்சுத்திறன் பாதிக்குக் கீழே இறங்குமுன் செய்துகொள்வது பாதுகாப்பானது. இதையும் தள்ளிப்போடுதல் கூடாது.

தொண்டையில் துளையிட்டு வெண்டிலேட்டருடன் இணைக்கும் டிராக்கியாஸ்டமி பற்றிய முடிவு இவற்றுள் மிகக் கடினமானது. அது ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டக்கூடும். ஆனால் நோய் தன் போக்கில் தொடரும். வீட்டில் இரவும் பகலும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். செலவு மாதந்தோறும் தொடரும். வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் உள்ளனர். இரண்டும் மதிக்கத்தக்க முடிவுகளே. நள்ளிரவில், நோயாளி மயங்கிய நிலையில், அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று பிள்ளைகள் இதை முடிவுசெய்யும்படி விட்டுவிடுவதே தீங்கு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழங்கிய தீர்ப்பில் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிமையாக்கியது. இப்போது இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் பெற்றால் போதும். இயந்திரம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்க்கும் திணறலின்றி இருக்க வழியுண்டு. வலிதணிப்பு மருத்துவர்கள் சிறு அளவு மார்ஃபினைக் கொண்டு மூச்சிரைப்பின் துன்பத்தைத் தணிக்கின்றனர். கேரளத்தில் இச்சேவை வீடு தேடி வரும் அளவுக்கு வளர்ந்துள்ளது.

கையொப்பமும் கணக்கும்

கை முற்றிலும் ஓய்வதற்குமுன் வங்கிக்கு வருவதே நல்லது. தனிநபர் கணக்கைத் துணைவரோ பிள்ளையோ சேர்ந்த கூட்டுக் கணக்காக, ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்’ என்ற முறையில் மாற்றிக்கொள்ளலாம். பலரும் அறியாத ஒன்று: இம்முறையில் உள்ள வைப்புத்தொகையைத் தவணை முடிந்தபின் ஒருவர் கையொப்பத்தில் பெறலாம், தவணைக்கு முன்னர் எடுக்கப் பொதுவாக இருவர் கையொப்பமும் தேவை. ஒருவரே எடுக்கவும், ஒருவர் மறைந்தால் மற்றவர் முன்கூட்டியே எடுக்கவும் இசைவு தெரிவிக்கும் கூட்டு ஆணையை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் இடர்ப்பாடு இல்லை. லாக்கருக்கும் நியமனதாரர் பதிவுக்கும் இதே நாளில் ஏற்பாடு செய்துவிடலாம். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நால்வர் வரை நியமனதாரராகப் பதியலாம். பவர் பத்திரம் கொடுப்பதும் ஒரு வழிதான். ஆனால் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தாலோ மறைந்தாலோ அது செல்லாது. ஏ.டி.எம். ரகசிய எண்ணை உறவினரிடம் சொல்லிவைப்பது இவற்றுக்கு மாற்றாகாது.

கை ஓய்ந்தபின்னும் கணக்கு முடங்குவதில்லை. கையொப்பமிட இயலாதவர் பெருவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம். வங்கி அறிந்த இரு சாட்சிகள் அதனை உறுதிசெய்ய வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருப்பார். ரேகையும் இயலாதெனில் ஒரு குறியீடு போதும். கையொப்பமிட வேண்டியவரின் உடலைத் தொட்ட ஒரு பொருளால் பிறர் வைக்கும் குறியும் சட்டப்படி அவருடையதே. ரிசர்வ் வங்கியின் இந்நெறியைச் சொல்லி உங்கள் கிளையில் தயங்காமல் கேளுங்கள். எழுபது வயதைக் கடந்தவர்க்கும், மருத்துவச் சான்று பெற்ற நாள்பட்ட நோயோ ஊனமோ உடையவர்க்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்றை முகப் பதிவின் மூலம் கைப்பேசியிலேயே அளிக்கலாம். உயில் எழுதுவதற்கும் ரேகை போதும். தக்க காரணம் இருந்தால் சார்பதிவாளர் வீட்டுக்கு வந்தும் பதிவார்.

தீவிர நோய்க் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசியைத் தேடி எடுக்க வேண்டிய நேரம் இது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் சீரான வரையறைகளில் ‘நிரந்தர அறிகுறிகளுடன் கூடிய இயக்க நரம்பணு நோய்’ இடம்பெற்றுள்ளது, ஏ.எல்.எஸ். பெயர் அதில் வெளிப்படையாகவே உள்ளது. குறைபாடு தொடர்ச்சியாக மூன்று மாதங்கள் நீடித்ததற்கான சான்று கேட்கப்படும் என்பதால் முதல் பரிசோதனையிலிருந்து எல்லா அறிக்கைகளையும் நாள்வரிசையில் வைத்துக்கொள்க. வீட்டுக் கடனுடன் காப்பீடும் சேர்த்து எடுத்தோமா என்பதைப் பலர் மறந்திருப்பர். கடன் கணக்கின் முதல் ஆவணங்களைப் பாருங்கள். சாதாரண மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவைத் தரும். வீட்டில் பயன்படுத்தும் பைபேப் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கும்.

வரிச்சலுகையில், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவுக்கான விதியில் இயக்க நரம்பணு நோய் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளது. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என நரம்பியல் வல்லுநர் சான்றளித்தால், சிகிச்சைச் செலவில் 40,000 ரூபாய் வரையும், நோயாளி மூத்த குடிமகன் எனில் ஒரு லட்சம் ரூபாய் வரையும் கழிவு உண்டு. இது பழைய வரி முறையைத் தேர்ந்தோர்க்கு மட்டுமே. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன; தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்க. மாற்றுத்திறனாளிச் சான்றும் யு.டி.ஐ.டி. அட்டையும் பெற இப்போதே விண்ணப்பிக்கலாம். அரசுப் பணியிலிருப்பவரைப் பணிக்காலத்தில் நேர்ந்த ஊனத்தைக் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடுக்கிறது. விருப்ப ஓய்வுக் கடிதத்தை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

பேச்சு இருக்கும்போதே குரலைக் கைப்பேசியில் பதிந்து வைப்பது நன்று. பேச்சு நின்றபின் கண்ணசைவால் இயங்கும் கணினிகள் உண்டு. மின்சாரமே தேவைப்படாத எழுத்துப் பலகையும் உண்டு. நம் எழுத்துமுறை இதற்கு மிக இசைவானது: 18 மெய்யும் 12 உயிரும் தெரிந்தால் எந்த உயிர்மெய்யையும் சுட்டிவிடலாம். பராமரிப்பவர் மெய் வரிசையைச் சொல்லிக்கொண்டே வர, வேண்டிய எழுத்தில் நோயாளி கண் சிமிட்டுவார். பிறகு உயிர் வரிசை. சில நாள் பழக்கத்தில் வேகம் கூடிவிடும்.

இன்னொரு தாளும் தேவை. நோயின் பெயர், இயந்திரத்தின் அழுத்த அளவுகள், உண்ணும் மருந்துகள், முன்கூட்டிய விருப்ப ஆவணம் இருக்குமிடம், நரம்பியல் மருத்துவரின் எண் ஆகியவற்றுடன், ‘மூச்சுத் தசை வலுவிழந்தவர்; பைபேப் இன்றி ஆக்சிஜன் மட்டும் கொடுக்க வேண்டா; மல்லாந்து படுக்க வைக்க வேண்டா’ என்ற வரிகளையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மருத்துவரின் கையொப்பம் பெற்று, ஒரு படியைப் படுக்கையருகிலும் ஒரு படியை இயந்திரத்தின் பையிலும் வைத்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறும்போது இயந்திரமும் முகமூடியும் அந்தத் தாளுடன் சேர்ந்தே போக வேண்டும்.